ஓய்வூதியம் பிச்சையன்று, உழைப்பின் மிச்சம்!



கடந்த மாதம் மருந்து வாங்குவதற்காக அரசாங்க மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். எண் சீட்டுடன் அமர்ந்திருந்தவர்களுள், தொடக்கப்பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரும் ஒருவர். அகவை எழுபத்தெட்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடன்வாழ்கின்றன. தமது ஓய்வூதியர் அட்டையைக் காட்டி, "இது கையில் இருக்கும் வரை பிள்ளைகளிடம் கையேந்த வேண்டியதில்லை, தம்பி" என்றார்.

மறுநாள் ஆசிரியர் அறையில், அண்மையில் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவரிடம் இதனைப் பகிர்ந்துகொண்டேன். அவர் சற்றே மௌனமாக இருந்துவிட்டு, "ஐயா, நாங்கள் ஓய்வு பெறும்போது எங்கள் கையில் என்ன இருக்கும்?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை தேடியே இதனை எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் நம் அரசாங்கம் ஒரு முடிவை அறிவித்தது. 2024 பிப்ரவரி 1 முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை; தனியார் துறை ஊழியர்களைப் போல் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சந்தா செலுத்தப்படும் என்பதே அது. முன்பு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமை இருந்தது. தெரிவு செய்வது வேறு. தெரிவே இல்லாமற்போவது வேறு.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இறுதியாகப் பெற்ற சம்பளத்தைப் பணியாற்றிய மாதங்களால் பெருக்கி, 600ஆல் வகுத்தால் கிடைப்பதே மாத ஓய்வூதியம். முப்பது ஆண்டுகள், அதாவது 360 மாதங்கள், பணியாற்றி 6,000 வெள்ளிச் சம்பளத்தில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு மாதம் 3,600 வெள்ளி கிடைக்கும். அவர் எழுபதில் மறைந்தாலும் தொண்ணூறு வரை வாழ்ந்தாலும், வாழும் நாள் வரை அது வரும். அவருக்குப் பின் அவர்தம் துணைவருக்கும் ஆதரவாக நிற்கும்.

அதே 3,600 வெள்ளியைச் சேமிப்பிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு எடுப்பதாயின், ஈவுத்தொகையைக் கணக்கில் கொள்ளாவிடில், 864,000 வெள்ளி தேவை. சேமநிதி வாரியம் 2019 முதல் 55 வயதிற்கு வகுத்திருந்த அடிப்படைச் சேமிப்பு இலக்கோ 240,000 வெள்ளிதான். மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் இருபது ஆண்டுகளுக்கு என்பது அதன் கணக்கு. 2026 முதல் அவ்விலக்கு, 60 வயதிற்கு 390,000 வெள்ளி என்னும் அளவை நோக்கிப் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. விலைவாசியின் போக்கை வாரியமே உணர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

சேமநிதி தீமையானது என்று நான் கூறவில்லை. நீண்டகாலம் பணியாற்றுவோருக்கு அதில் கணிசமான தொகை சேரவும் கூடும். ஆனால் சேமிப்பு தீரக்கூடியது. 2020 முதல் 2022 வரை, கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி உறுப்பினர்கள் 145 பில்லியன் வெள்ளியை மீட்டனர். அன்றைய அடுப்பெரிய நாளைய அரிசியை விற்றார்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், முதுமையின் பாதுகாப்பைத் தனிமனிதரின் சேமிப்பில் மட்டும் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை அந்நாள்கள் காட்டின.

ஓய்வூதியம் அரசு காட்டும் கருணையன்று. இளமையில் குறைந்த சம்பளத்திற்கு உட்புறப் பள்ளிகளிலும் தோட்டப் பள்ளிகளிலும் பணியாற்றியவர்களுக்கு, "பின்னர் தருகிறோம்" என்று நிறுத்திவைக்கப்பட்ட ஊதியம் அது. நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 147ஆம் விதியும் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பின்னர் இயற்றப்படும் எச்சட்டமும் ஓய்வூதியருக்கு முன்னிருந்ததைவிடப் பாதகமாக இருத்தலாகாது என்பதே அதன் சாரம். 2013இல் நடப்புக்கு வந்த ஓய்வூதியச் சீரமைப்பு விதிகள் இதற்கு முரணானவை என 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. வழக்குத் தொடுத்தவர்கள் ஓய்வுபெற்ற முதியவர்களே. ஆனால் புதிதாகச் சேரும் இளையோருக்கு அந்தக் கேடயம் இல்லை. அவர்களுக்கு வாக்குறுதியே அளிக்கப்படவில்லை. ஒரே ஆசிரியர் அறையில், ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவருக்கு இருவேறு முதுமை!

இவ்விடத்தில் பெற்றோர் சிலர் கேட்கக்கூடும்: "தனியார் துறையில் உழைக்கும் எங்களுக்கு ஓய்வூதியம் இல்லையே; உங்களுக்கு மட்டும் எதற்கு?" நியாயமான கேள்விதான். என் தந்தையார் பால்மரம் சீவியவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணம் அக்காவின் திருமணத்திலும் வீட்டு முன்பணத்திலும் கரைந்தது. அதன்பின் பிள்ளைகளாகிய எங்கள் கையையே அவர் எதிர்பார்த்தார். எதையும் வாய்திறந்து கேட்கமாட்டார். மருந்து தீர்ந்ததைக்கூடச் சொல்லமாட்டார். ஓய்வூதியத்தின் அருமையை நான் கற்றது ஓய்வூதியம் பெற்றவரிடமன்று. அதைப் பெறாத என் தந்தையிடம்தான்.

ஆகவே, ஒருவருக்கு இல்லை என்பதற்காக மற்றவரிடமிருந்தும் பறிப்பது சமத்துவமாகாது. அது இருவரையும் வெயிலில் நிறுத்துவதாகும். தோட்டத் தொழிலாளிக்கும் தொழிற்சாலை ஊழியருக்கும் வாழ்நாள் வரை ஒரு மாத வருமானம் வேண்டும் என்று கேட்போம். அக்கோரிக்கைக்கு அரசு ஊழியரின் ஓய்வூதியமே முன்மாதிரி. முன்மாதிரியை இடித்துவிட்டால், பிறகு எதைக் காட்டிக் கேட்பது?

செலவு கூடுகிறது என்பது அரசின் வாதம். 2040ஆம் ஆண்டளவில் ஓய்வூதியச் செலவு 120 பில்லியன் வெள்ளியை எட்டும் எனக் கூறப்பட்டது. இதனைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் சிக்கனம் எங்கிருந்து தொடங்க வேண்டும்? நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் 1980இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சிக்கனம் மேலிருந்து இறங்கி வரட்டும். தாதியரிடமும் ஆசிரியரிடமும் தொடங்க வேண்டாம்.

மருத்துவமும் இதனோடு பிணைந்ததே. 2024 இறுதியில் மருத்துவக் காப்புறுதிச் சந்தா கடுமையாக உயர்ந்ததும், அவ்வுயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து விதிக்குமாறு பேங்க் நெகாரா தலையிட்டதும் நாம் அறிந்தவையே. வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறுகிறது, வருமானமோ இறங்குகிறது. அவ்வேளையில் முதியோருக்கு எஞ்சியிருக்கும் வாசல் அரசாங்க மருத்துவமனை ஒன்றே. அங்குள்ள சலுகைகளில் ஒரு வெள்ளியைக் கூட்டினாலும், சிலர் மருந்து உண்பதை ஒருநாள் தள்ளிப்போடுவார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் மூன்று. ஏற்கெனவே உள்ள ஓய்வூதியத்திலும் மருத்துவச் சலுகையிலும் கைவைக்கலாகாது. புதிய ஊழியருக்குத் தெரிவு செய்யும் உரிமையை மீண்டும் வழங்க வேண்டும். இயலாதெனில், சேமநிதியின் வழியாகவேனும் வாழ்நாள் முழுதும் மாத வருமானம் கிடைக்க அரசு உறுதியளிக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதனை இளையோரின் தனிச்சிக்கலாகக் கருதி ஒதுங்கலாகாது. ஓய்வூதியம் உறுதியாகிவிட்ட மூத்தோராகிய நாமே முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

ஆசிரியரை ஏணி என்பர். ஏறிச் சென்றவர்கள் ஏணியை எட்டி உதைக்கலாகாது என்றும் நம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அந்த இளம் ஆசிரியைக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. "உங்களுக்காகவும் நாங்கள் பேசினோம், அம்மா" என்றாவது சொல்லும் தகுதி எனக்கும் உங்களுக்கும் வேண்டாமா?

சிந்திப்போம், செயற்படுவோம்.