பாதிச் சென்னை ஏன் வரவில்லை?



2022 சென்னை மாநகராட்சித் தேர்தலில் எந்தக் கட்சிக்கு எத்தனை வார்டு என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. எனக்கு உறுத்துவது வேறு. 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் கிடந்த நகரம் இது. குடிநீரில் கழிவுநீர் கலந்தாலும் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் அலைந்தோம். அப்படியிருந்தும் பிப்ரவரி 19 அன்று பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. பிற்பகலில் எங்கள் சாவடியில் அலுவலர்கள் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வயிறு எரிந்தது.

சென்னைக்கு முதல்முறையாக ஒரு தலித் பெண், அப்போது 28 வயதான பிரியா, மேயரானதில் மனதார மகிழ்ச்சி. பாதி வார்டுகள் பெண்களுக்கு என்பதும் நல்லதே. ஆனால் வென்றவர்களின் கணவர்களும் அப்பாக்களும் வார்டில் அதிகாரம் செய்யக் கூடாது. அதைத் தடுக்க, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையை உடனே கூட்ட வேண்டும். கவுன்சிலரே நேரில் வந்து எங்களுக்குப் பதில் சொல்லட்டும்.

– ஒரு வாக்காளர், சூளைமேடு, சென்னை