வெயில் ஒன்றா, இரண்டா?

"வெயில்" என்று தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒளியும் அதில் அடக்கம். சூடும் அதில் அடக்கம். விஞ்ஞான வகுப்பில்தான் இவ்விரண்டும் பிரிகின்றன. நமக்குச் சுடுவது வெப்பம். தோலின் உயிரணுவைக் கெடுப்பதோ, கண்ணுக்கும் தெரியாமல் உடலுக்கும் உறைக்காமல் வரும் புற ஊதாக் கதிர். ஆகவே, தோலைக் காக்க வேண்டுமானால் கதிருக்கு அஞ்சினால் போதும் என்று நெடுங்காலமாகக் கற்பித்து வந்தார்கள். அது பாதிப் பாடம்தான் என்பது என் கருத்து. நம் பழைய சொல்லே உண்மைக்கு அருகில் நிற்கிறது.

புற ஊதாக் கதிர் பட்டால், அணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து அமைந்த தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உடனே சில நொதிகள் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புதிதாக நிரப்புகின்றன. (இதை விளக்கிய அஜீஸ் சன்ஜார் 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) பழுது அளவுக்கு மிஞ்சினால் பி-53 என்னும் புரதம் தலையிடுகிறது; அணு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நற்செய்தியில் வரும் கோதுமை மணி நம் சகோதரிகளுக்கு நினைவுக்கு வரக்கூடும். ஒன்று மடிவதால் உடல் முழுவதும் பிழைக்கிறது.

வெப்பம் செய்வது வேறு. இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ வெப்பப்பெட்டியின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். ஈயின் குரோமோசோம்களில் சில இடங்கள் திடீரென்று உப்பியிருப்பதைக் கண்டார். 1962-ல் அதை வெளியிட்டபோது அதன் பெருமை பலருக்கு விளங்கவில்லை. சூடு தாக்கியதும் அணு அவசரமாகக் காவல் புரதங்களை உண்டாக்குகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப்பிடித்து, அணுவைச் சாகவிடாமல் காப்பது இவற்றின் வேலை. நல்ல ஏற்பாடுதான், இல்லையா?

சிக்கலே அங்கேதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மனிதத் தோலணுக்களை 39 டிகிரி வெப்பத்துக்கும் புற ஊதாக் கதிருக்கும் சேர்த்து உட்படுத்திப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர் மட்டும் பட்ட அணுக்களைவிட, சூடும் சேர்ந்து பட்ட அணுக்கள் குறைவாகவே மடிந்தன. பி-53-இன் கை கட்டப்பட்டுவிட்டது. மடிய வேண்டிய அணு, பிழை நிறைந்த ஏட்டைச் சுமந்துகொண்டே உயிரோடிருந்தது. அது பெருகினால் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

ஆய்வுக்கூடத்தில் கண்டதை அப்படியே வாழ்க்கைக்குப் பொருத்தலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சூடு தனியாகவே தோலைக் கெடுக்கும் என்பதற்குக் காஷ்மீரம் சாட்சி. குளிருக்காக அங்கே நெருப்புச் சட்டியாகிய காங்கிரியை அங்கிக்குள் அணைத்துக்கொள்வார்கள். வெயிலே படாத வயிற்றிலும் தொடையிலும் அதனால் புற்று வருவதை, அங்கு பணியாற்றிய மருத்துவ ஊழியர் எல்ம்ஸ்லி 1866-லேயே எழுதினார்.

ஆஸ்திரேலியாவில் 1981-ல் தொடங்கிய பிரசாரம், சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி அணி என்றது. மிக நல்ல பிரசாரம். ஆயினும் களிம்பு கதிரைத்தான் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. பூசிக்கொண்ட தைரியத்தில் கூடுதல் நேரம் வெயிலில் நிற்பவர்களும் உண்டு. நிழலோ இரண்டையும் ஒருசேரக் குறைக்கிறது. காலை எட்டு மணி வெயிலும் அப்படித்தான். ஆகவே விலையுயர்ந்த புட்டியைவிட வேப்பமரமும் கடிகாரமும் எனக்கு மேலாகப் படுகின்றன.

நம் கறுத்த தோலிலுள்ள மெலனின் பெரிய அரண். அதனால் தோல் புற்று நம்மிடையே அரிது. அதற்காக விளையாட்டு விழா ஒத்திகையை நண்பகலில் வைக்க வேண்டுமா? மயக்கம் போட்டு விழுகிறவர்களைச் சொல்லவில்லை. அது தனிக் கதை. பிறவியிலேயே மெலனின் இல்லாத அல்பினிசக் குழந்தைகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அணிவகுப்பு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களையும் தொப்பியின்றி வரிசையில் நிறுத்துவதை எந்தப் பள்ளியும் உடனே கைவிடலாம். முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அவர்களுக்குச் சலுகையல்ல. சீருடையின் பகுதியாகவே அறிவிக்கலாம்.