ஐந்து சொற்களுக்காக ஒரு போராட்டம்

“ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்.” ஐந்தே சொற்கள். மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டத்தில் 1949-ல் ஏறிய இச்சொற்களை யாரும் தானமாகத் தந்துவிடவில்லை. இவற்றுக்காக வாதாடிய வக்கீல் எலிசபெத் செல்பெர்ட் அம்மையார் 1986-ல் மறைந்தார். அவருடைய வாழ்க்கை உழைக்கும் மக்கள் அறியவேண்டிய பாடம் என்று நாம் கருதுகிறோம்.

1896-ல் காஸல் நகரில் பிறந்த அவர், முதல் உலக யுத்தக் காலத்தில் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின் தாமே படித்துப் பரீட்சை எழுதினார். சட்டம் கற்று 1930-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1933-ல் ஹிட்லர் ஆட்சி அவர் கணவரைப் பதவியிலிருந்து விரட்டி முகாமில் அடைத்தது. பெண்களுக்கு வக்கீல் தொழிலின் கதவு அடைபடும் தறுவாயில், 1934 டிசம்பரில், அவர் சன்னது பெற்றார். குடும்பத்தைத் தாங்கியது அவருடைய சம்பாத்தியமே.

1948-ல் பான் நகரில் அரசியல் சட்டம் எழுதும் சபை கூடியது. வாக்குரிமை உள்ள 65 அங்கத்தினர்களில் பெண்கள் நால்வர். சோஷல் டெமாக்ரடிக் கட்சியின் சார்பில் வந்த செல்பெர்ட் அவர்களில் ஒருவர். அன்றைய சிவில் சட்டப்படி குடும்பத்தில் முடிவு சொல்பவன் கணவன். கோர்ட் அனுமதி பெற்று மனைவியின் வேலையைக்கூட அவன் ரத்து செய்யலாம். சம உரிமை என்று எழுதினால் இச்சட்டம் சரிந்துவிடுமே என்று பெரும்பான்மையோர் அஞ்சினர். டிசம்பரில் தீர்மானம் தோற்றது.

அம்மையார் ஓய்ந்தாரா? இல்லை! கூட்டம் கூட்டமாகச் சென்று பெண்களிடம் முறையிட்டார். தொழிற்சங்கப் பெண்களும் பல கட்சிப் பெண்களும் எழுதிய கண்டனக் கடிதங்கள் கூடை கூடையாகப் பானில் குவிந்தன. 1949 ஜனவரி 18-ல், முன்பு எதிர்த்தவர்களே ஆதரித்துக் கை தூக்கினர்.

சட்டம் வந்தது, நியாயம் வந்ததா? பழைய சட்டங்களைத் திருத்த 1953 மார்ச் 31 வரை கெடு. கெடு கடந்தும் பார்லிமெண்ட் அசையவில்லை. 1957-ல்தான் திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆலைகளில் ஒரே வேலை செய்தும், பெண் என்பதற்காகவே கூலியில் வெட்டு விழுந்தது. அந்த வெட்டு செல்லாது என்று 1955-ல் உச்ச தொழில் கோர்ட் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு ஆதாரம் சம உரிமை ஷரத்தே. முதலாளிகள் சும்மா இருந்தார்களா? ‘இலேசான வேலை’ என்று தரம் வகுத்து, பெண்களை அதில் தள்ளி, குறைந்த கூலியையே நீட்டினார்கள். வீட்டுக் கடமைக்குப் பங்கமில்லாவிட்டால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதியோ 1977 வரை நீடித்தது!

செல்பெர்ட்டுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1949-ல் அமைந்த பார்லிமெண்டில் அவருக்கு இடமில்லை. 1958 வரை ஹெஸ்ஸே மாநிலச் சட்டசபையில் பணியாற்றினார். பின்னர் வக்கீல் தொழிலோடு நின்றார்.

சட்டப் புத்தகத்தில் ஏறிய உரிமை தானாக நடந்து ஆலை வாசலுக்கும் வயல் வரப்புக்கும் வருவதில்லை. கடிதம் எழுதிய கைகள் ஓய்ந்த இடத்தில் முதலாளி புதிய தரம் வகுக்கிறான். எழுதி வாங்கிய உரிமையைக் கூலியாகக் கையில் வாங்கும்வரை சங்கம் கண் அயரக்கூடாது. செல்பெர்ட் அம்மையாரின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதுவே.