களனி கிராமமாம்!



"இலங்கையில் நாலில் மூன்று பேர் கிராமத்தவர்கள், நாம் இன்னும் விவசாய நாடு" என்று பெருமையாகப் பதிவு போடும் சகோதரர்களுக்கு இதை எழுதுகிறோம். வகுப்பில் அதைப் படிப்பிப்பதும் நாங்கள்தான். ஆகவே குற்றம் முதலில் எங்கள் மேல்தான்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நகரத்தவர் 18.2 வீதம், கிராமத்தவர் 77.4 வீதம், மிகுதி தோட்டங்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டோம். களனியிலிருந்து வரும் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், அப்ப எங்கட வீடும் கிராமமா?" என்று கேட்டது. கணக்கின்படி ஆம்!

ஏனென்றால் மாநகர சபையோ நகர சபையோ உள்ள இடம் மட்டும்தான் இங்கே நகரம். பிரதேச சபை என்றால், தோட்டம் தவிர்ந்த எல்லாம் கிராமம். முன்னர் பட்டின சபைகளும் நகரக் கணக்கில் இருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தோடு அவை இல்லாமல் போயின. 1981இல் 21.5 வீதமாக இருந்த நகரத்தவர் 31 வருடங்களுக்குப் பின் 18.2 வீதமாம். இவ்வளவு பேரும் மண்வெட்டியோடு ஊருக்குத் திரும்பிப் போனார்களா? மாறியது பெயர்ப்பலகை. பல்கலைக்கழகம் உள்ள களனி, ஏற்றுமதி வலயம் உள்ள பியகம, வீட்டுக்கு வீடு மதில் முட்டும் கொட்டிகாவத்தை முல்லேரியா, எல்லாம் கிராமம்.

கொழும்பு மாநகர சபையின் பரப்பு சுமார் 37 சதுர கிலோமீற்றர். 2012இல் அதற்குள் ஐந்தரை இலட்சம் பேரளவில்தான். ஆனால் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம், மேல் மாகாணத்தில் 58 இலட்சம். நாட்டின் நிலத்தில் 6 வீதத்துக்கும் குறைவான இடத்தில் சனத்தொகையில் கால்வாசிக்கு மேல். வத்தளையிலிருந்து மொறட்டுவ வரை பஸ்ஸில் வாருங்கள், கொழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கொண்டக்டராலும் சொல்ல முடியாது.

"வெறும் எல்லைக்கோடுதானே" என்பீர்கள். மீதொட்டமுல்லயை மறந்துவிட்டீர்களா? கொழும்பு மாநகரத்தின் குப்பை எல்லைக்கு வெளியே, கொலன்னாவையில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்து 30 பேரளவில் மௌத்தானார்கள். குப்பையை அனுப்பிய மாநகர சபைக்கு வாக்களிக்கும் உரிமை அந்தச் சனத்துக்கு இருக்கவில்லை. வேறு சபை, வேறு கணக்கு.

அடுத்த தவணைப் பரீட்சையில் களனியை நகரம் என்று எழுதும் பிள்ளைக்கு நாங்கள் புள்ளி போடுவோம். வலயத்தில் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறோம்.