சொற்களால் ஒரு விளையாட்டு

 

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கிச் சத்தமே நம் நினைவுக்கு வருகிறது. படமே இன்றிச் சொற்களால் மட்டும் அமைந்த விளையாட்டுகளும் உண்டு. அமெரிக்க நிரலாளர் வில் குரோதர் 1970களின் நடுவில் அத்தகைய ஒன்றை எழுதினார். மணமுறிவுக்குப் பின் தம் பெண்மக்களை மகிழ்விப்பது அவரது நோக்கம். தாம் ஆராய்ந்து வரைபடமாக்கிய கென்டக்கி மாநிலக் குகையையே களமாக்கினார். செல்லும் திசையைத் தட்டச்சு செய்தால், அடுத்த இடத்தின் வருணனை தோன்றும்.

அவருக்கு ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழி தேவைப்பட்டது. இன்றோ, கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் என்னும் இலவச மென்பொருளே போதும். பத்தி ஒன்றை எழுதி, அதனுள் [[கதவைத் திற]] என இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், அது விளையாடுபவர் தெரிவு செய்யும் வழியாகிவிடும். அதே பெயரில் புதிய பத்தியும் உருவாகும். தமிழிலேயே எழுதலாம்.

இதனால் பிள்ளைகள் கற்பது யாது? பூட்டிய கதவை வைப்பவர், திறவுகோலையும் எங்கேனும் வைத்தாக வேண்டும். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விளைவை எழுதியாக வேண்டும். வழியில் கிடந்த பணப்பையை எடுத்துக்கொண்டவர் எங்கே சென்று சேர்வார்? அமானிதமாகக் காத்து உரியவரிடம் ஒப்படைத்தவர் எங்கே? பிள்ளையே சிந்தித்து முடிவு செய்தல் வேண்டும். நாம் சொல்லும் நூறு அறிவுரைகளைவிட அச்சிந்தனை ஆழப் பதியும்.

ஆகவே, பிள்ளையைக் கணினியின் முன் அமர்த்திவிட்டு அகன்றுவிடாதீர்கள். அருகே அமர்ந்து, அது எழுதியதை நீங்களே முதலில் விளையாடுங்கள். வழி அடைபட்ட இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். திருத்தும் பணியைப் பிள்ளையிடமே விடுங்கள். இன்ஷா அல்லாஹ், நல்ல பலன் கிட்டும்.