யார் மேனிக்குப் பனிக்காலம்?

மார்கழி பிறந்துவிட்டால் நம் பத்திரிகைகளுக்கு இரண்டு விஷயங்கள் கட்டாயம். ஒன்று சங்கீதக் கச்சேரி; மற்றொன்று சருமப் பாதுகாப்பு. கச்சேரியைப் பற்றி எழுத அதற்கென்று விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பில் நான் கை வைக்கவில்லை. சருமத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

ஒரு மார்கழிக் கடைசியில் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கையில் ஒரு பத்திரிகை. அதில் குளிர்காலத்து மேனியழகைப் பற்றி நாலு பக்கம். பாலாடையைப் பூசு, பாதாம் எண்ணெயைத் தேய், வெதுவெதுப்பான நீரில் ரோஜா இதழைப் போடு என்று ஒரே உபதேசம். உதட்டுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, குதிகாலுக்கு வேறொன்று. படித்து முடிக்கையில் பஸ் மரக்காணத்தில் நின்றது. எனக்கு அங்கே ஒரு சிநேகிதரைப் பார்க்க வேண்டியிருந்தது, இறங்கினேன்.

மழை விட்டிருந்தது. உப்பளங்களில் மறு பருவத்துக்கான வேலை தொடங்கியிருந்தது. மழை அடித்துக்கொண்டு வந்த சேற்றை வாரிக் கொட்டி, வரப்பைக் கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குகிற வேலை. விடிந்தும் விடியாத நேரம். பனி இன்னும் விலகவில்லை. பாட்டி என்று சொல்லத்தக்க ஓர் அம்மாள் கரையேறி வந்து வரப்பில் உட்கார்ந்தார். அவர் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலில் விரல் நுனி நுழையும் அளவுக்கு வெடிப்பு. விரல் இடுக்குகள் வெளுத்து ஊறிப்போய், ஓரங்களில் சிவந்திருந்தன.

"ஆயா, இதுக்கு ஒண்ணும் தடவறதில்லையா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் வாங்கணும்னா அளம் ஓடணும் தம்பி. அளம் நின்னு மூணு மாசம் ஆவுது" என்றார்.

நாலு பக்கக் கட்டுரை எழுதிய அறிஞருக்கு இந்த ஒரு வாக்கியம் தெரியாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் உப்பளத்தில் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கூலி கிடையாது. ஊரார் தோலுக்கு எண்ணெய் தேடும் மாதங்களில் இவர்கள் சோற்றுக்கு அரிசி தேடுகிறார்கள். பிறகு தை வருகிறது. ஏற்கெனவே வறண்டு கிடக்கிற அதே காலோடு உப்புச் சேற்றில் இறங்க வேண்டும்.

இந்தக் காலுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன். நம் இரத்தத்தில் உப்பு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. கடல்நீரில் ஏறக்குறைய மூன்றரைப் பங்கு. உப்பு படிகிற பாத்தி நீரிலோ இருபத்தைந்து பங்குக்கு மேல். உப்பை வாரிய பின் மிஞ்சுகிற கைப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் செறிந்திருக்கும்; புண்ணில் பட்டால் எரிச்சல் தாளாது. மனிதத் தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. உயிரணுக்கள் செங்கல், அவற்றின் நடுவே இருக்கிற கொழுப்புப் பசை சாந்து. மணிக்கணக்கில் நீரில் ஊறினால் செங்கல் உப்பிவிடுகிறது, சாந்து கரைகிறது. வெளியே வந்து காற்றில் காய்ந்ததும் சுவர் சுருங்கிப் பிளக்கிறது. தோலில் காய்ந்து படிந்த உப்பு, உள்ளே இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறது. மறுநாள் அந்தப் பிளவுக்குள்ளேயே உப்புநீர் போகிறது. உப்புப் பரல் வேறு அரம் போல அராவுகிறது. நீரிழிவு உள்ளவர்களாயிருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கும். வெடிப்பு ஆழமானது தெரியாது. சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். அதற்குள் விரலையோ பாதத்தையோ எடுக்கும்படி ஆகிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், நம் பத்திரிகைகள் பேசுகிற குளிர்காலம் நம்முடைய குளிர்காலமே அல்ல. காற்றில் ஈரம் வற்றி, வீட்டுக்குள் கணப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் ஐரோப்பியக் குளிருக்கு எழுதிய யோசனைகளை நாம் மொழிபெயர்த்துப் போட்டுக்கொள்கிறோம். சோழமண்டலக் கரையில் மார்கழியில்கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்; காற்றில் ஈரமும் இருக்கிறது. ஆகவே இங்கே தோலைக் கெடுப்பது முக்கியமாகப் பனி அல்ல. சுடச்சுட வெந்நீர், கணக்கில்லாத சோப்பு, இவற்றோடு அவரவர் தொழில். முதல் இரண்டும் கட்டுரை படிக்கிறவர்களின் பிரச்னை. மூன்றாவது, கட்டுரையில் இடம் பெறாதவர்களின் பிரச்னை.

உண்மையான குளிரில் உப்பு விளைவிக்கிறவர்களும் நம் தேசத்தில் உண்டு. குஜராத்தின் சின்ன ரண்ணில் அகரியாக்கள் மழைக்காலம் முடிந்ததும் பாலைவெளிக்குப் போய்க் குளிர்காலம் முழுதும் அங்கேயே குடிசை போட்டுத் தங்குகிறார்கள். அகரியாவின் உடலைச் சிதையில் வைத்தால் பாதங்கள் மட்டும் எரியாமல் மிஞ்சும் என்று அங்கே ஒரு பேச்சு வழங்குகிறது. அது எவ்வளவு தூரம் நிஜமோ, அப்படி ஒரு பேச்சு பிறக்கும்படி அந்தப் பாதங்கள் இருக்கின்றன என்பது நிஜம்.

இதையெல்லாம் சொன்னால் எனக்கு மூன்று பதில்கள் கிடைக்கின்றன. மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

முதல் பதில்: "அவர்களுக்குப் பழகிவிட்டது, ஐயா. தோல் தடித்துவிடும்." தோல் தடிப்பது உண்மை. ஆனால் தடித்த தோலுக்கு வளைந்து கொடுக்கும் சக்தி போய்விடுகிறது. அதனால்தான் அது வெடிக்கிறது. குதிகால் வெடிப்புக்கே தடிப்புத்தான் காரணம். நோயைக் காட்டி 'இதுதான் மருந்து' என்று சொல்லுகிற இந்தச் சாமர்த்தியம், பிறர் காலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமக்கு வருகிறது. நம் வீட்டுக் குழந்தையின் உள்ளங்கை தடித்துப் போனால் அப்படியா சொல்லுவோம்?

இரண்டாவது பதில்: "ரப்பர் பூட்ஸ் கொடுத்தாலும் போட்டுக்கொள்ள மாட்டார்கள்." நானும் இதை நம்பியிருந்தேன். அந்த அம்மாளையே கேட்டேன். "சேத்துல பூட்ஸு நின்னுக்கும் தம்பி, நான் மட்டும் வருவேன்" என்று சிரித்தார். பூட்ஸுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டால் வெறுங்காலை விட மோசம். நாள் முழுதும் உள்ளேயே ஊறி உரசுகிறது. பாத்தித் தரையை மிதித்துப் பதம் பார்ப்பதற்குக் காலே கருவி. அளவு பார்க்காமல், எந்த வேலைக்கு என்று கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டு, போட்டுக்கொள்ளவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? உப்பு வாரும்போதும் சுமக்கும்போதும் பூட்ஸ் உதவும். மிதிக்கும்போது உதவாது. அப்போது வேண்டியது வேறு.

அந்த வேறு என்னவென்று கேட்டால், விஷயம் மிகச் சாதாரணம். இறங்குவதற்கு முன் காலில் பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ தடிப்பாகப் பூசிக்கொண்டால் உப்புநீருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு திரை உண்டாகும். 1872-ல் அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் உரிமை வாங்கிய வாஸ்லின் இந்தக் காரியத்தைச் செய்கிறது. மேலே ஏறிய வாசனையும் டப்பாவும்தான் பிற்பாடு வந்தவை. ஏறி வந்தவுடன் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும். விரல் இடுக்கைத் துடைக்க வேண்டும். ஈரம் முற்றும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்க்க வேண்டும். இரவில் பூசித் துணி சுற்றிக்கொண்டால் வெடிப்பு மெல்ல மூடும். வெடிப்பில் நீர் கசிந்தாலோ சிவந்து வீங்கினாலோ எண்ணெயோடு நிற்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

இந்த உண்மையை நான் காசு கொடுத்துக் கற்றவன். ஒரு வருஷம் உள்ளங்கை வறண்டது என்று ஒரு பெரிய கடையில் போய் நின்றேன். விற்பனைப் பையன் வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய சின்ன டப்பாவைக் கையில் திணித்து, ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவைப் பிடுங்கிக்கொண்டான். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் உள்ளே முக்காலும் கிளிசரினும் மெழுகும் எண்ணெயும். என் பாட்டி காசில்லாமல் செய்ததை நான் டப்பாவில் வாங்கியிருக்கிறேன்!

ஆனால் இந்த யோசனைகளில் ஒரு முடிச்சு இருக்கிறது, கவனித்தீர்களா? 'நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்' என்றேன். அளத்தங்கரையில் நல்ல தண்ணீர் எங்கே? பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியும் கடலும் சூழ்ந்த பூமி. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். கால் கழுவ ஒரு குடம் இல்லை. வீடு போய்ச் சேரும்வரை உப்பு உடம்பிலேயே காய்கிறது. தோல் பாதுகாப்பு என்பது அந்த அம்மாளின் விஷயத்தில் ஒரு குழாய், ஒரு தொட்டி.

மூன்றாவது பதிலைச் சொல்லுகிறவர்கள் கொஞ்சம் நியாயம் உள்ளவர்கள். "அளம் எடுத்திருப்பவர்களில் பலர் சின்ன ஆட்கள். உப்புக்கு விலையில்லை. ஒரு புயல் அடித்தால் எல்லாம் போச்சு. இதில் குழாயும் களிம்பும் யார் போடுவது?" என்கிறார்கள். மறுக்கமாட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்துப் பாத்திகளும் வெள்ளத்தில் மூழ்கின. அளக்காரர் மட்டும் தாங்கவேண்டிய சுமை அல்ல இது. அதனால்தான் சர்க்காரைக் கேட்கிறேன். 1953-ல் உப்பின் மீது தீர்வை விதிக்கச் சட்டம் செய்தார்கள். அந்தப் பணத்தைச் செலவிடவேண்டிய காரியங்களில் உப்புத் தொழிலாளர் நலனும் ஒன்று என்று அதிலேயே எழுதினார்கள். இன்று அந்தத் தீர்வை இல்லை. வெடித்த கால் மட்டும் இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாடு அரசு மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்து வருகிறது. நல்ல காரியம், வாயாரப் பாராட்டுகிறேன். மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து ரூபாய் சொச்சம் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறேன். அதில் எண்ணெய் வாங்க மிஞ்சாது.

உப்புக்காக இந்த தேசம் நடந்திருக்கிறது. 1930-ல் காந்திஜி தண்டிக்கு நடந்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 1947-ல் உப்பு வரி போயிற்று. உப்பைத் தின்கிறவனுக்கு நியாயம் கிடைத்தது. விளைவிக்கிறவன் பக்கத்து வழக்கு இன்னும் பாக்கி. நாவல் எழுதுகிற கூட்டத்தில் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களுக்குப் போய்ப் பார்த்துக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். மற்றவர்கள் சாலையோரம் காரை நிறுத்தி, வெள்ளைக் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறோம்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. அளத்தங்கரைகளில் நல்ல தண்ணீர்க் குழாய். தை மாத வேலை தொடங்கும்போது ஆளுக்கு ஒரு டப்பா களிம்பு. வாரும் வேலைக்கு அளவு பார்த்த பூட்ஸும் கையுறையும், வெள்ளைப் பளபளப்பிலிருந்து கண்ணைக் காக்கக் கறுப்புக் கண்ணாடியும். பருவத்துக்கு ஒருமுறை சர்க்கரையையும் பாதத்தையும் சோதிக்க ஒரு டாக்டர். மழை மாத உதவியைச் சாப்பாட்டுக்குப் போதுமான அளவுக்கு உயர்த்துதல்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒன்று. வருகிற மார்கழியிலும் அந்த நாலு பக்கத்தைப் போடத்தான் போகிறீர்கள். போடுங்கள். மூன்று பக்கத்தைப் பாதாம் எண்ணெய்க்கு வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில், கழுவுவது எப்படி, பூசுவது எப்படி, எப்போது டாக்டரிடம் போவது என்று உப்புக் காலுக்காக அச்சிடுங்கள். மரக்காணம் பஸ் நிலையத்தில் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.