நிதியோடு முடிவதில்லை உரிமை



சாராய வேட்டைக்காகக் காவலர்கள் மலையேறி வரும் ஊர் எங்களுடையது. அதனால் பணியில் கொல்லப்படும் காவலர்களின் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் 2020 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட வில்சன், ஆடு திருடர்களைத் துரத்திச் சென்று 2021 நவம்பரில் வெட்டிக் கொல்லப்பட்ட பூமிநாதன் ஆகிய இரு சிறப்பு உதவி ஆய்வாளர்களின் குடும்பங்களுக்கும் அரசு தலா ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. நல்லது. ஆனால் நிதி வேறு, உரிமை வேறு.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசும் பாதிக்கப்பட்டவரே. புலனாய்வு எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாளுக்குள் போலீஸார் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம்.

காசோலையோடு இந்த உரிமைகளைத் தமிழில் அச்சிட்ட தாளையும் அரசு தர வேண்டும்.

- ஒரு வாசகர், வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்